‘நம்மவர்தானே’ என்னும் அந்தரங்கக் கொள்கை

சென்ற மாதம் இளைஞர் ஒருவர், தாம் உருவாக்கியிருக்கும் அரட்டை அறையைப் பரிசோதித்துப் பார்க்கும்படி என்னை அழைத்தார். கவிதை வாசிப்பவர்களுக்கென்று தனியாக ஓர் இடம். பகலில் அலுவலகம், இரவில் நிரல் எழுதுவது என்று ஆறு மாதம் உழைத்திருக்கிறார். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, வழங்கிக்கான வாடகை அவர் சம்பளத்திலிருந்து போகிறது. மகிழ்ச்சியோடு உள்ளே நுழையப் பார்த்தேன். பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, ஊர் என்று ஆறு கட்டங்கள். எதைக் காலியாக விட்டாலும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஞானக்கூத்தனைப் பற்றிப் பேசுவதற்கு என் பிறந்த தேதி எதற்கு என்று தொலைபேசியில் கேட்டேன். “சும்மாதான் சார், பின்னால எதுக்காவது உதவும்” என்றார். இத்தனை தகவலையும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்றதும் குரல் சற்று மாறியது. “என்ன சார், நான் என்ன கூகுளா? என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

தெரியும். நல்ல பையன். எனக்கிருக்கும் சிக்கலே அதுதான்.

பெருநிறுவனங்கள் நம் தகவல்களைச் சேர்ப்பதைப் பற்றிப் பேச இன்று யாருக்கும் பயிற்சி தேவையில்லை. எந்த இலக்கியக் கூட்டத்திலும் தேநீர் இடைவேளையில் அது ஒரு சுற்று வந்துவிடுகிறது. ஆனால் ஐம்பது பேரோ நூறு பேரோ கூடிப் பேசும் சிறிய அரட்டை அறை ஒன்று, ஆர்வத்தின் பேரில் தனியொருவர் நடத்துவது, நம்மைப் பற்றி எதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அவர் நம்மவர்தானே என்பதே அங்கே அந்தரங்கக் கொள்கை, பயன்பாட்டு விதி, பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம். இது கொள்கையே அல்ல, சோம்பல் என்பது என் கட்சி. உறுப்பினரின் அந்தரங்கத்தை நடத்துபவரின் நற்குணம் காப்பாற்றாது. அவருடைய வன்தட்டில் என்ன கிடக்கிறது, எத்தனை நாள் கிடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். வாங்காத தகவலை அயோக்கியனாலும் வெளியே விட முடியாது. வாங்கி வைத்த தகவலுக்கு உத்தமரிடமும் பாதுகாப்பில்லை.

இதை நம்மிடையே சொல்வது சற்றுக் கடினம் என்பது தெரிந்தே எழுதுகிறேன். சிறுபத்திரிகை வாசித்து வளர்ந்தவர்களுக்குச் சிறியது என்றாலே மனம் இளகிவிடும். கைக்காசு போட்டு நடத்துகிறார், லாபம் இல்லை, நஷ்டம்தான் என்று கேட்டதும் நாம் எழுந்து நிற்போம். சி.சு. செல்லப்பாவைப் போன்றவர்கள் ஏற்படுத்திய மரியாதை அது, அவர்களுக்கு உரியதுதான். ஆனால் சந்தாதாரர்களின் முகவரிகள் எழுதிய நீளநோட்டு ஒன்றுதான் சிறுபத்திரிகை ஆசிரியரின் மேசையில் இருந்தது. அந்தச் சந்தாதாரர் இரவு பதினோரு மணிக்கு யாருடன் என்ன பேசினார் என்பது அதில் இல்லை. அரட்டை அறை நடத்துபவரின் நோட்டில் அது இருக்கிறது.

நல்லவர் ஒருவரின் கதையையே எடுத்துக்கொள்வோம். பின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993ஆம் ஆண்டு ‘அநான்.பெனெட்.ஃபை’ என்ற சேவையைத் தொடங்கினார். அரட்டை அல்ல, மடல் அனுப்பும் சேவை. ஆனால் நம் விஷயத்துக்கு மிக நெருங்கிய உறவுக்காரர். யாரேனும் அந்தக் கணினிக்கு ஒரு மடலை அனுப்பினால், அது அனுப்பியவரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு ஓர் எண்ணை ஒட்டி, சேரவேண்டிய இடத்துக்கு அனுப்பிவைக்கும். பதில் வந்தால் அதே வழியில் திருப்பித் தரும். வெளியே பேச முடியாத துன்பங்களைப் பேச விரும்பியவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் அதைப் பயன்படுத்தினர். அவர் எவரிடமும் காசு வாங்கவில்லை.

பதில் திரும்பிப் போக வேண்டுமானால் எந்த எண் யாருடையது என்ற அட்டவணை எங்காவது இருந்தாக வேண்டும். அது ஹெல்சிங்கியஸின் வன்தட்டில் இருந்தது. சயன்டாலஜி திருச்சபை, தன் உள்விவகார ஆவணம் ஒன்று திருடப்பட்டு இச்சேவையின் வழியே வெளியிடப்பட்டதாகப் புகார் செய்ய, 1995 பிப்ரவரியில் பின்லாந்து போலீஸ் சோதனை ஆணையோடு அவரிடம் வந்தது. முழு அட்டவணையையும் பறிகொடுப்பதா, கேட்கப்பட்ட ஒரே ஒரு முகவரியை மட்டும் எடுத்துக் கொடுப்பதா என்பதே அவர் முன் இருந்த கேள்வி. ஒன்றைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டு அதே திருச்சபை தொடர்பான வழக்கில் இன்னொருவரின் அடையாளத்தைத் தரும்படி நீதிமன்றம் சொன்னது. 1996 ஆகஸ்டில் சேவையை மூடுவதாக அறிவித்தார்.

அவருடைய நேர்மையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவர் நிலையில் நானாக இருந்தால் அந்தத் துணிச்சல்கூட இருந்திருக்காது. ஆனால் காட்டிக்கொடுத்தது அந்த அட்டவணை. அதே ஆண்டுகளில் வேறு சில நிரலாளர்கள் மடலைப் பல உறைகளுக்குள் உறையாகச் சங்கேதமிட்டு, பல கணினிகளின் வழியே கைமாற்றி அனுப்பும் முறையை வகுத்திருந்தார்கள். முதல் கணினிக்கு அனுப்பியவர் தெரியும், பெறுபவர் தெரியாது. கடைசிக் கணினிக்குப் பெறுபவர் தெரியும், அனுப்பியவர் தெரியாது. போலீஸ் வந்து கதவைத் தட்டினால் எடுத்துக் கொடுக்க எந்த ஒருவரிடமும் முழு அட்டவணை கிடையாது. இவர்கள் ஹெல்சிங்கியஸைவிட நல்லவர்கள் என்று சொல்லவரவில்லை. அவர்களுடைய நல்ல குணத்தை எவரும் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அரட்டைக்கு வருவோம். இதற்கும் பின்லாந்துதான் தாய்வீடு என்பது ஒரு தற்செயல். ஔலு பல்கலைக்கழகத்தில் 1988இல் யார்க்கோ ஒய்க்கரினென் எழுதிய ஐஆர்சி என்ற அரட்டை முறையில் வழங்கி என்பது பெரும்பாலும் ஒரு கைமாற்று நிலையம். ஒருவர் தட்டிய வரியை அறையில் இருக்கும் மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடும். தாமதமாக வருபவருக்கு முன்னே பேசியது கிடைக்காது. இதில் ஓட்டையே இல்லை என்பதல்ல. பேசுபவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்ற முகவரியை மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. எதிரே இருப்பவர் எல்லாவற்றையும் தம் கணினியில் சேமிக்கவும் முடிந்தது. எனினும் மறதி அதன் அமைப்பிலேயே இருந்தது.

பின்னர் உலாவிக்குள்ளேயே இயங்கும் அரட்டை அறைகளை ஆர்வலர்கள் எழுதத் தொடங்கினார்கள். உலாவி சில நொடிக்கொரு முறை வழங்கியைத் தட்டி, புதிதாக ஏதும் உண்டா என்று கேட்கும். அதற்கு விடை சொல்ல, பேசப்பட்ட ஒவ்வொரு வரியையும் தரவுத்தளத்தில் ஒரு வரிசையாக எழுதி வைப்பதே எளிய வழி. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வரிசைக்கு அங்கே வேலை இல்லை. அழிக்க ஒற்றை வரி நிரல் போதும். அந்த ஒற்றை வரியை எழுதுவார் இல்லை. வன்தட்டில் இடம் இருக்கிறதே! இதற்கு அப்பால், யார் எந்த நொடியில் எந்த ஐபி எண்ணிலிருந்து வந்தார் என்பதை வழங்கி மென்பொருள் நடத்துபவர் கேட்காமலேயே தனியாகக் குறித்து வைக்கிறது. வாடகைக்கு இடம் தரும் நிறுவனம் இவை அனைத்தையும் நாள்தோறும் நகலெடுத்து வேறொரு கணினியில் வைக்கிறது. “நான் எதையும் சேர்ப்பதில்லை” என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் நண்பரிடம் ஒரே செய்தி மூன்று இடங்களில் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

கடவுச்சொல் விவகாரம் இன்னும் கேவலமானது, சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடியே இருபது லட்சம் கடவுச்சொற்கள் திருடுபோயின. அவை எந்தச் சங்கேதமும் இல்லாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. சம்பளத்துக்கு நிரலாளர்களை வைத்திருந்த இடத்திலேயே இந்த லட்சணம் என்றால், இரவு பன்னிரண்டு மணிக்குக் கொட்டாவியோடு எழுதப்பட்ட நிரலைப் பற்றி என்ன சொல்ல. நம்மில் பெரும்பாலோர் அரட்டைக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல்லைத்தான் வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதையெல்லாம் ஏட்டில் படித்து எழுதவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு தமிழ் அரட்டை அறையில் நானும் இருந்தேன். நாற்பது பேர் இருப்போம். வெளிநாட்டில் வேலை பார்த்த ஓர் ஆர்வலர் தம் செலவில் நடத்தினார். அங்கே நடந்த கவிதைச் சண்டைகளுக்கு இணையாக ஒரு சண்டையை நான் பிறகு பார்த்ததில்லை. சில ஆண்டுகளில் அவருக்குக் களைப்பு வந்தது, அறையை மூடினார். யாரும் எதையும் கேட்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, பராமரிப்பில் அவருக்கு உதவிய இன்னொருவர் பழைய நண்பர்கள் சிலருக்கு ஒரு கோப்பை அனுப்பினார். ‘பழைய நினைவுகளுக்காக’ என்று ஒரு குறிப்பு. தரவுத்தளம் முழுவதும் அதில் இருந்தது. பொது அறையில் பேசியவை மட்டுமல்ல, இருவருக்கிடையே நடந்த தனி உரையாடல்களும்.

கோப்பை நானும் திறந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் என் பெயரைத்தான் தேடினேன். பிறகு மற்றவர்கள் என்னைப் பற்றித் தனியாக என்ன பேசினார்கள் என்று தேடினேன். அரை மணி நேரத்தில் வெட்கம் வந்து மூடினேன். அந்த அரை மணி நேரம் நடந்தது நடந்ததுதான்.

எங்கள் அறையில் ஆண் பெயரில் எழுதிய ஒருவர் இருந்தார். கூர்மையான வாசகர், எங்களில் பலரையும்விடக் கூடுதலாகப் படித்தவர். அவர் ஒரு பெண் என்பதையும், ஆசிரியராக வேலை பார்க்கிறார் என்பதையும், தம் இல்லற வாழ்வின் துயரங்களையும், வீட்டை விட்டுப் போய்விடலாமா என்று அவர் யோசித்ததையும் ஒரே ஒரு தோழியிடம் தனியுரையாடலில் எழுதியிருந்தார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் உறுப்பினர் அட்டவணையில் அவருடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது, அந்த முகவரியில் அவர் இயற்பெயர் இருந்தது. எண்ணுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் அதே அட்டவணை! கோப்பு கைமாறிக் கைமாறி, அவர் ஊரைச் சேர்ந்த ஒருவரிடம் போய், அங்கிருந்து அவர் புகுந்த வீட்டை அடைந்தது. பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை, அதுவும் அவருடைய அந்தரங்கம். அதன்பின் அவர் எழுதி எதையும் நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

இதில் கயவர் யார்? நடத்தியவர் தம் பணத்தைப் போட்டவர். கோப்பை அனுப்பியவர் எங்கள் மீதுள்ள பிரியத்தால் அனுப்பினார். எவரும் எதையும் விற்கவில்லை. எவரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை.

மின்னஞ்சல் முகவரி இல்லாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பாரே, புனைபெயர் போதுமே என்று சிலர் சொல்லக்கூடும். போதாது. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஆய்வாளர்களின் பயனுக்காகத் தன் தேடுபொறியில் தேடப்பட்ட சுமார் இரண்டு கோடி சொற்கோவைகளை வெளியிட்டது. ஆறரை லட்சம் பேருக்கும் பெயருக்குப் பதில் எண்தான் இருந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் வசித்த மூதாட்டி ஒருவரை, அவர் தேடிய சொற்களை மட்டுமே வைத்துச் சில நாட்களில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் வீடு தேடிப் போய்ச் சந்தித்துவிட்டார்கள். புனைபெயர் நம் மரபில் புதிதல்ல. துரைசாமி நகுலன் ஆனதும் ரங்கராஜன் சுஜாதா ஆனதும் நாம் அறிந்தவை. ஆனால் அச்சில் வருவது எழுதியவர் யோசித்துத் திருத்தி வெளியே விட்டது. அரட்டையில் தட்டுவது அப்படியல்ல. ஊர்த் திருவிழா, பிள்ளையின் வகுப்பு, பக்கத்து வீட்டு மரணம் என்று ஆயிரம் வரிகளில் மனிதர் தம்மை அறியாமலேயே தம் முகவரியை எழுதிவிடுகிறார்.

சிறிய இடங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சுவீடனில் ஒரு தேவாலயத்தில் தொண்டாற்றிய பெண்மணி 1998இல் தம் வீட்டுக் கணினியில் சில இணையப் பக்கங்களை உருவாக்கினார். உடன் பணியாற்றிய பதினெட்டுப் பேரின் பெயர்கள், அவர்களுடைய பொழுதுபோக்குகள், சிலரின் தொலைபேசி எண்கள். ஒருவருக்குக் காலில் அடிபட்டு அரைநாள் விடுப்பில் இருக்கிறார் என்றும் நகைச்சுவையாக எழுதியிருந்தார். சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நீக்கியும் விட்டார். ஆனாலும் வழக்கு நடந்து அபராதம் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2003 நவம்பரில், உலகில் எவரும் பார்க்கும்படி இணையத்தில் இட்ட பிறகு அது வீட்டு விவகாரம் ஆகாது என்றது. அந்த அபராதம் அதிகப்படியானது என்றே எனக்கும் தோன்றுகிறது, பாவம். ஆனால் தீர்ப்பின் உள்ளிருக்கும் நியாயத்தை மறுக்க முடியவில்லை. காலில் அடிபட்டவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனிநபர் தம் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்குக் கையாளும் தகவல்களுக்கு அதில் விலக்கு உண்டு. முகம் தெரியாத நூறு பேர் வந்து போகும் அரட்டை அறை யாருடைய வீட்டுக் காரியம்?

ஆனால் சட்டத்தின் பக்கம் முழுவதும் சாய்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. ஒரு கையால் குறைவாகச் சேருங்கள் என்று சொல்லும் அரசு, மறு கையால் கூடுதலாகச் சேர்க்கவும் சொல்கிறது. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, வழங்கிகளின் பதிவுக் குறிப்புகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொன்னது. 2023 சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தகவலைப் பெறும் முன் பெற்றோரின் இசைவைச் சரிபார்க்கச் சொல்கிறது. சிறுவர் யார், பெரியவர் யார் என்று அறிய எல்லோரிடமும் வயதுச் சான்று கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 அக்டோபரில் ஓர் உதாரணம் கிடைத்தது. டிஸ்கார்டு அரட்டைச் சேவைக்காக வாடிக்கையாளர் உதவிப் பணியைச் செய்த வெளி நிறுவனத்தின் வழியாக, சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. வயது தொடர்பான முறையீட்டுக்காக அவர்கள் அனுப்பி வைத்த படங்கள் அவை. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் நிறுவனத்துக்கே இந்தக் கதி. நம் இளைஞரின் வாடகை வழங்கியில் நூறு பேரின் ஆதார் அட்டைகளை நினைத்துப் பாருங்கள். இந்த இடத்தில் சிறிய அறை நடத்துபவர்களின் புலம்பலில் நியாயம் இருக்கிறது. அதற்காகப் போராடினால் நானும் வருகிறேன். ஆனால் எந்தச் சட்டமும் கேட்காத பிறந்த தேதியைக் கேட்டுவிட்டுச் சட்டத்தின் மீது பழி போடக் கூடாது.

இலக்கிய நண்பர்கள் எழுப்பும் ஆட்சேபம் வேறு வகை. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் நாளைய ஆய்வாளனுக்கு என்ன மிஞ்சும், புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்ததால்தானே அவரை இன்னும் நெருங்கி அறிந்தோம் என்கிறார்கள். உண்மை. ஆனால் கடிதத்தைப் பத்திரப்படுத்தியது யார்? பெற்றவர். அது அவர் கையிலிருந்த காகிதம். வழியில் தபால்காரர் ஒவ்வோர் உறையையும் பிரித்து நகலெடுத்துத் தம் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தார், அதிலிருந்து நூல் வந்தது என்றால் அதை இலக்கியப் பணி என்றா சொல்வோம்? அரட்டை அறை நடத்துபவர் இங்கே தபால்காரர். எனக்கு வந்த வரியை நான் சேமித்துக்கொள்ள வசதி செய்து தரட்டும். அவர் பரணில் அதற்கு இடமில்லை.

நான் கேட்பது பெரிய தொழில்நுட்பம் எதுவும் அல்ல. நுழையப் புனைபெயரும் கடவுச்சொல்லும் போதும். கடவுச்சொல்லைத் திரும்பப் படிக்க இயலாத வடிவில் மட்டும் வைக்க வேண்டும். அதற்கான நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தனிச்செய்தி உரியவரை அடைந்ததும் அழிய வேண்டும். ஐபி குறிப்புகளைச் சட்டம் சொல்லும் நாளுக்கு மேல் ஒரு நாளும் வைக்கக் கூடாது. நகல்களும் இதில் அடக்கம். ஒருவர் போகிறேன் என்றால் அவரோடு அவர் தகவலும் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறையை மூடும் நாளில் என்ன நடக்கும் என்பதைத் திறக்கும் நாளிலேயே எழுதி ஒட்ட வேண்டும். ஆர்வத்தால் நடப்பவை ஆர்வம் தீர்ந்ததும் நின்றுபோகும், அதில் தவறில்லை. எங்கள் அறை மூடியபோது அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் ஒரு மணி நேரம் பேசினேன், கொஞ்சம் சத்தமாகவே. இரண்டு நாள் கழித்து அழைத்தார். ஆறு கட்டங்களில் நான்கை எடுத்துவிட்டாராம். மின்னஞ்சல் வேண்டும், கடவுச்சொல்லை மறப்பவர்களுக்கு வேறு வழியில்லை என்றார். விருப்பமுள்ளவர்கள் மட்டும் தரட்டுமே என்றேன், சரி என்றார். தனிச்செய்திகளை அழிப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றார். “யாராவது பழசைக் கேட்டா என்ன சார் பண்றது?”

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் சேரவில்லை.